குதிரைக்கு வெல்லம் பிடிக்கும்

மீராவுக்குச் சொந்தமாக ஓர் உலகம் இருந்தது. பெஹாலா வீட்டின் முன்னறைக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் திருடனாகவும் மாறி, இருபது முகப் பகடையை உருட்டி விதியை முடிவு செய்யும் ஆட்டம், அவளும் நண்பர்களும் ஆடுவது. கதை சொல்வது மீரா. கதைக்கான நாடு நகரங்களைக் கட்டி வைக்க ஒரு மென்பொருள் கிடைத்ததிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஊருக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள்: பெயர், உறவு, பயம், விருப்பம். உறவைப் போட்டால் வம்ச மரத்தை அதுவே வரைந்துவிடும். ராஜாவின் குதிரைக்குக்கூடப் பக்கம் திறந்து, விருப்பம் என்ற இடத்தில் வெல்லம் என்று எழுதியிருந்தாள். இந்தச் சிரத்தையை எம்.ஏ. பரீட்சையில் காட்டியிருக்கலாம் என்று அம்மா வசந்தி அலுத்துக்கொள்வாள். அதில் நியாயம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தோழி ருமா வாள்வீராங்கனையாகவும், அவள் தம்பி அனிர்பான் மந்திரவாதியாகவும் வந்து உட்கார்ந்தார்கள். திருடன் வேஷம் செந்தில்நாதனுக்கு. அவன் ஹவுராவிலிருக்கும் வேலாயுதம் மாமாவின் மகன், நியூ டவுன் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. அன்று சாயங்காலம் மாமா வந்து, மீராவுக்கும் செந்திலுக்கும் பூ வைக்க நாள் குறிப்பதாக இருந்தது. தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்த விஷயம் என்பதால் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீராவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனால் செந்தில் தங்கமான பையன், மாமா என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

கதையில் அன்று துறைமுக ராஜாவின் மகளுக்குக் கல்யாணம். ஊர்வலத்துக்குக் காவல் நிற்பதுதான் மூவருக்கும் வேலை. ஊர்வலப் பாதை, விருந்து, தோரணம் என்று மீரா வாரக்கணக்கில் கட்டி வைத்திருந்தாள். மாப்பிள்ளை யார் என்று காட்ட வம்ச மரத்தைத் திரையில் விரித்தாள்.

ருமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இரு. இவன் ராணியோட அண்ணன் மகன். இளவரசிக்கு மாமாதோ தாதா. கூடப்பிறந்த அண்ணன் மாதிரி." அவர்கள் பேச்சு பாதி வங்காளம், பாதி ஆங்கிலம்.

"எங்க பக்கம் அண்ணன் இல்ல, முறை மாப்பிள்ளை" என்றாள் மீரா.

"ச்சீ" என்றாள் ருமா.

அனிர்பான் மந்திரக்கோலாக வைத்திருந்த பென்சிலைக் கீழே போட்டான். "இதுக்கு நான் காவல் நிக்க மாட்டேன். இளவரசியைத் தூக்கிட்டுப் போறோம்."

"மாப்பிள்ளையை நான் கடத்துறேன்" என்றான் செந்தில். "இப்பவே. பகடையைக் குடு."

மீராவுக்குச் சுருக்கென்றது. இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்? அடுத்த நொடியே அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அதை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தூக்குறது இருக்கட்டும், அவளுக்கு என்ன வேணும்னு பாரு" என்றாள் ருமா.

மீரா இளவரசியின் பக்கத்தைத் திறந்தாள். பட்டுப்புடவையின் நிறம் இருந்தது, மூக்குத்தியின் எடை இருந்தது. விருப்பம் மட்டும் காலி.

"குதிரைக்கு வெல்லம் எழுதினியே" என்றான் அனிர்பான்.

"மாப்பிள்ளை பக்கத்தையும் திற" என்றான் செந்தில், தமிழில். அதுவும் காலி. அவன் எட்டி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, விருப்பம் என்ற கட்டத்தில் தட்டினான்: தப்பிக்க வேண்டும். மீரா அதைப் பார்த்தாள். கீபோர்டைப் பிடுங்கி இளவரசியின் பக்கத்தில் எழுதினாள்: எனக்கும்.

அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. ஒன்றும் புரியாமல் ருமாவும் சிரித்தாள். சந்தோஷத்தில் மீராவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னடி கூத்து இது?" வடைத் தட்டோடு வசந்தி வந்து நின்றாள். திரையில் அவர்கள் எழுதிய இரண்டு கட்டங்களும் தெரிந்தன, பக்கத்தில் வம்ச மரமும் விரிந்திருந்தது. துறைமுகத்து ராஜா. அவன் ராணி. ஆற்றுக்கு அக்கரையில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். அவனுக்கு ஒரே மகன். பெயர்களை மாற்றிய மீரா, வேறு எதையும் மாற்ற மறந்திருந்தாள். வசந்தியின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, அண்ணனுக்கு ஹவுரா ரயில்வே பட்டறையில் வேலை.

வசந்தி தட்டை மேஜையில் வைத்தாள். "இந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்லையாக்கும்?"

"இல்லம்மா."

"பையனுக்கு?"

"எனக்கும் இல்ல அத்தை" என்றான் செந்தில், வடையைப் பார்த்தபடி.

வசந்தி திரைக்கு அருகே குனிந்தாள்.

"ராணிக்கும் ஒரு பக்கம் உண்டா?"

"உண்டு."

"அவளுக்கு என்ன இஷ்டம்னு எழுதியிருக்கே? படி."

மீரா திறந்து மெதுவாகப் படித்தாள். "அண்ணன் வீட்டு உறவு விட்டுப் போகக் கூடாது."

வசந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரியாத்தான் எழுதியிருக்கே" என்றாள். "ஞாயித்துக்கிழமை தவறாம இவன் இங்கதான் கிடக்கான். இதுக்கு மேல என்ன உறவு வேணும்? எவ்வளவு விழுந்தா எங்கண்ணன் ஒத்துக்குவாரு?"

"பத்துக்கு மேல" என்றான் செந்தில்.

"தங்கச்சி கேட்டா அஞ்சே போதும்" என்று விதியை மாற்றினாள் மீரா.

வசந்தி பகடையைக் கையில் குலுக்கி, தாயம் போடுகிறவள் போல வீசினாள். அது மேஜையைத் தாண்டிக் குதித்து, பீரோவுக்கு அடியில் ஓடியது. நாலு பேரும் தரையில் படுத்து, ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொண்டு, துடைப்பத்தை விட்டுத் துழாவினார்கள். என்ன விழுந்திருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதற்குள் வசந்தி ஹவுராவுக்கு போன் போட்டிருந்தாள்.