ஓப்பன் கிரவுண்டு

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கமருன்னிஸாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹபீப் முகம்மது துபாயில் உழைத்ததைப் போட்டு, கட்டிலும் ஏசியும் வைத்த வேனை வாங்கியதே மனைவியை ஊர் ஊராகக் கூட்டிப்போகத்தானே! அதிராம்பட்டினத்திலிருந்து கிளம்பி, திருக்காட்டுப்பள்ளி ஆற்றோரம் மருதையனின் தோப்பை ஒட்டிய மைதானத்தில் வண்டியை நிறுத்தினார்கள். இப்படி வருகிற வண்டிகளுக்கென்றே அங்கே கரண்டு பாயிண்ட் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார் மருதையன்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் சுமையா, நம் ஊர்க் கரண்டுக்குப் பொருந்துவதாகப் பார்த்து ஒரு பாதுகாப்புப் பெட்டி அனுப்பியிருந்தாள். ஹபீப் அதைப் பாயிண்டில் சொருகினார். பெட்டி கீச்சென்று கத்தி ‘ஈ 3’ என்று காட்டியது. வண்டிக்குக் கரண்டை விடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மூடியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை வாசித்தார்.

“ஓப்பன் கிரவுண்டாம்! நாம மைதானத்துல நிக்கிறது எனக்குத் தெரியாதா? இது வேற சொல்லணுமா?” விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிக்காதீங்க மச்சான். புள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க” என்றாள் கமருன்னிஸா.

“அவ அங்க தூங்கிட்டிருப்பா. என்ன மருதையண்ணே, நீங்க சொல்லுங்க?”

“எத்தனையோ வண்டி வந்து போயிருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல பாய். பொட்டியக் கழட்டிட்டு டைரக்டா குடுங்க.”

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்து அந்தப் பாயிண்டில் இல்லை என்பது மருதையனுக்கு நன்றாகத் தெரியும். போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளலாம் என்றே காலத்தை ஓட்டிவந்தார். பெட்டி கழன்றது, ஏசி ஓடியது.

மாலையில் மழை பெய்து ஓய்ந்தது. ஆற்றைப் பார்க்கிற அவசரத்தில் கமருன்னிஸா செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். கை, கரண்டு கசிந்திருந்த கதவின் இரும்புப் பிடியில் இருக்க, கால் ஈரத் தரையில் பட்டது. “மச்சா…” என்றாள், அவ்வளவுதான். மருதையன் ஓடிப்போய்க் கரண்டை நிறுத்தியபோது அவள் உயிர் போயிருந்தது. அட பாவி மனுஷா, ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

செய்தி கேட்டு ஓடிவந்த மகளிடம் ஹபீப் பெட்டியைக் காட்டினார். சுமையா தலையில் அடித்துக்கொண்டாள்.

“வாப்பா, நாம எர்த்துன்னு சொல்றதை அங்க கிரவுண்டும்பாங்க. எர்த்து இல்ல, கரண்டு எடுக்காதேன்னு சொல்லியிருக்கு வாப்பா!”

மனசு கேட்காமல் பெட்டியோடு மறுபடி தோப்புக்குப் போனார் ஹபீப். அதே பாயிண்டிலிருந்து வேறொரு வண்டிக்குக் கரண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் சொருகினார். மறுபடியும் ‘ஈ 3’.

“எர்த்து போட ஆளுக்குச் சொல்லியிருக்கேன் பாய், இன்னும் வரல” என்று தலையைச் சொறிந்தார் மருதையன்.

அந்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “பொட்டி கெட்டுப்போச்சு போலிருக்கே பாய்!”

“பொட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார் ஹபீப். “எச்சரிக்கை புரியலேன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கணும், கழட்டிப் போடக் கூடாது. நானும் உங்கள மாதிரி இதே எடத்துல நின்னுதான் சிரிச்சேன். என் பொண்டாட்டிய மண்ணுல வெச்சுட்டு வந்து சொல்றேன்.”