இரண்டாம் பாதி இழுவை

1

இந்தக் கதை பயத்திலிருந்து வந்தது. சினிமா ரசனையிலிருந்து வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன்:

"ஜொகூரின் புகழ்பெற்ற திரை விமர்சகர் மனோகரன், மழை கொட்டிய ஒரு மாலையில் தன் மோட்டாரை..."

அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. மனோகரன் புகழ்பெற்றவனும் இல்லை. மனோகரன் நான்தான். உலு திராமில் வீடு, சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் கடக்கிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன். ஓய்வு கிடைத்தால் கதை எழுதுவேன். படம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போடுவேன். குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். குளுவாங் ஊரிலிருந்து பத்து பகாட் ஊர் வரை, சனிக்கிழமை நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுக்கிறவர்கள். (பெருமையடிக்கிறேன் என்று தெரிகிறது. அந்தப் பெருமைதான் வினையே.)

2

என் மைத்துனன் சுகுமாறன் படம் எடுத்தான். முதல் படம், நம் ஊர்ப் படம், மூன்று வருட உழைப்பு. உள்ளூர்ப் படங்களின் தலையெழுத்து உங்களுக்குத் தெரியும். முதல் சனி ஞாயிறு கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை தியேட்டரிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை இரண்டு மணி ஷோவுக்குக் கிளம்பினேன். என் மனைவி பிரேமலா, சுகுமாறனின் அக்கா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தலைவலி என்று வரவில்லை. வாசல் வரை வந்து, "முழுசா பாருங்க. நடுவுல போன நோண்டிக்கிட்டு உக்காராதீங்க" என்றாள். தம்பி மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன்.

அன்று ஆறு மணிக்கு ஓவர்டைம். மூன்று பத்துக்குப் போனைப் பார்த்தேன். ஜொகூர்க்காரன் கடிகாரம் பார்க்க மறந்தாலும் பாலத்து டிராபிக் ஜேம் பார்க்க மறக்கமாட்டான். மோட்டார் லைனே அசையவில்லை என்று எவனோ படம் போட்டிருந்தான். எழுந்து வந்துவிட்டேன்.

பாதிப் படம். பாதிதான் பார்த்தேன். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் இன்னும்

(இந்த வாக்கியத்தை அப்புறம் முடிக்கிறேன்.)

3

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாலத்தில் ஹெல்மெட்டோடு நின்றபடி வாய்ஸ் போட்டேன். குழு காத்திருக்கிறதே! "முதல் பாதி ஓகேலா. இரண்டாம் பாதி இழுவை. ரொம்ப இழுவை. வீட்டுல பாத்துக்கலாம்."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? பத்துப் படத்தில் ஒன்பதுக்குப் பொருந்துகிற வாக்கியம் அது. எத்தனையோ படத்துக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை ஜொகூர் முழுக்கப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். என்னால்தான் என்று சொல்ல முடியாது. என்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சுகுமாறனிடமிருந்து ஒரு வரி வந்தது: "மாமா, எத்தன மணி ஷோ பாத்தீங்க?"

வாய்ஸ் போட்ட நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. இரண்டு மணி ஷோ முடிந்தது நாலரைக்கு. உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். "பன்னண்டு மணி ஷோ" என்று அனுப்பினேன். அவன் புதன்கிழமை சாப்பிட வந்தான்.

4

இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கியிருந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மேசையில் நாங்கள் மூன்று பேர். நண்டுக் குழம்பு. சுகுமாறன் தலை நிமிராமல் சாப்பிட்டான். பிரேமலா அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"ஏங்க, படம் கடைசி வரைக்கும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப எந்த எடம் இழுவ?"

"பொதுவா சொன்னேன்லா."

"அந்த அடுப்படி சீனா?"

அப்படி ஒரு காட்சி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆனால் மூழ்குகிறவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கயிறு கிடைத்துவிட்டதே! "அதேதான்" என்றேன். "ரொம்ப நீளம். அதுல வர்ற பொம்பளைக்கு நடிப்பே வரல. வேற யாரையாச்சும் போட்டிருக்கலாம் சுகு."

பிரேமலா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். "சரி" என்றாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதில் சோறு அப்படியே இருந்தது.

5

சுகுமாறன் என்னை வெளி கேட் வரை கூட்டிக்கொண்டு போனான்.

"மாமா, அந்த தியேட்டர்ல பன்னண்டு மணி ஷோவே இல்ல. ரெண்டு மணி, ஒம்பது மணி, அவ்ளோதான்."

நான் கேட்டின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அந்த அடுப்படி உங்க வீட்டு அடுப்படி. பள்ளி லீவுல நீங்க வேலைக்குப் போனப்ப எடுத்தோம். நடிச்சது அக்கா. ஒம்பது நிமிசம், ஒரே ஷாட். உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

ஐயோ என்பதற்குக்கூட மலாய்ச் சொல்தான் வந்தது: அலாமாக். வேறு எந்தச் சொல்லும் வரவில்லை, எழுத்தாளனாம் எழுத்தாளன்.

"நீங்க பாக்கலேன்னு அக்காவுக்குத் தெரியாது" என்றான். "பாத்துட்டு, அவங்கதான்னு தெரிஞ்சே அப்படிச் சொல்றீங்கன்னு நெனக்கிறாங்க. என் படம் போச்சு, விடுங்க, இன்னொண்ணு எடுப்பேன். அக்கா இன்னொரு தடவ நடிக்க மாட்டாங்க."

"அந்த சீன மட்டும் அனுப்பு சுகு. நான் பாத்துட்டு..."

"தர மாட்டேன் மாமா."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் கோபம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

6

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டும் நாற்றம்.

முதல் முடிவில் மனோகரன் வாயைத் திறக்க மாட்டான். ஒரு மாதத்தில் எல்லாம் ஆறிப்போகும். பிரேமலா வழக்கம்போல் தமிழ்ப்பள்ளிக்குப் போவாள், பாடம் நடத்துவாள், குழம்பு வைப்பாள். தனக்கு நடிப்பு வராது என்று சாகும் வரை நம்புவாள். கட்டிய புருஷனே பார்த்துவிட்டுச் சொன்னானே!

இரண்டாவது முடிவில் மனோகரன் உண்மையைச் சொல்வான். அவள் நடிப்புக்கு வந்த பழி போகும். ஆனால் முழுசாகப் பார் என்று வாசல் வரை வந்து சொன்னவளை, பாலத்து ஜேமுக்காக விட்டுவிட்டு ஓடியவன் என்று ஆவான். நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பொய் சொன்னவன், அவள் தம்பியின் படத்தைத் தூக்கவைத்தவன் என்றும் ஆவான். அதற்கு அப்புறம் அவன் சொல்கிற எதை அவள் நம்புவாள்?

இதை எழுதும்போது இன்னொன்றும் உறைக்கிறது. பதினான்கு வருடமாகப் படம் முடிந்ததும் நான் கார் பார்க்கில் நின்று வாய்ஸ் போடுவேன், பிரேமலா என் ஹேண்ட்போனுக்கு வெளிச்சம் மறைத்துப் பக்கத்தில் நிற்பாள். படம் உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. சத்தியமாக, ஒரு நாள்கூட. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

(விமர்சகர்களுக்கு ஒரு குறிப்பு: ஆம், இந்தப் பகுதி இழுக்கிறது. இது அடுத்ததற்குப் போகப் பயந்த ஒருவன் எழுதியது.)

7

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது பிரேமலா. ஆசிரியை அல்லவா, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து சந்திப்பிழை திருத்திக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே உள்ள ஆறு பகுதிகளையும் அச்செடுத்து அவள் முன்னால் வைத்தேன். வாயால் சொல்லத் தைரியமில்லாதவன் செய்கிற வேலை.

முதல் பக்கத்தில் இரண்டு 'ப்' போட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஒன்று. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் கடைசி வரை படித்தாள், எதையும் தாண்டவில்லை.

"இது கதையா?" என்று கேட்டாள்.

எழுத்தாளனுக்கு எப்போதும் ஒரு பின்வாசல் இருக்கிறது. கதைதான்லா, சும்மா கற்பனை என்று சொல்லிவிட்டால் போதும். வாய் வரை வந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் தாள்களை அடுக்கி மேசையில் தட்டி நேராக்கினாள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப நான் நல்லாகூட நடிச்சிருக்கலாம், இல்லீங்களா?"

ஐயோ, அந்தக் கேள்வி! பிரமாதமாக நடித்திருப்பாய் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொன்னால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதாகத்தான் இருக்கும்.

"தெரியல பிரேமலா. நான் பாக்கல."

அவள் தலையாட்டினாள். கடைசித் தாளைத் தனியே எடுத்து, முடிவுக்காக நான் விட்டுவைத்திருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். திருத்தவில்லை, எழுதினாள். ஐந்து வரி. எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அதை உங்களுக்குத் தரமாட்டேன். அந்த ஐந்து வரியைப் பற்றி என் கருத்து என்ன என்றும் கேட்காதீர்கள். இன்னும் இரண்டாவது வரியில்தான் இருக்கிறேன்.