கத்தியைக் கீழே வைத்தவர்

1

போன தேர்தல் நேரத்தில் இந்தக் கதை ஒரு கிண்டலாகத்தான் தொடங்கியது. டாக்டர் யேசுதாசன் அப்போது எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்; எங்கள் ஊர்ப் பேச்சில் 'வைபி'. பள்ளிகளில் பிரம்படி திரும்ப வரவேண்டும் என்று மக்களவையில் பேசியவர். பாலியல் கல்வி குடும்பத்தைக் கெடுக்கும் என்றவர். நான் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதுவரை அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. அவரை நாலு பேர் சிரிக்கும்படி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி இது:

வயிற்றைக் கத்தியால் திறந்து பழகியவர் இப்போது வாயைத் திறந்தால்—

அதற்கு மேல் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

2

கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். யேசுதாசனின் அப்பா, அம்மா இருவரும் அங்கே பால்மரம் வெட்டினார்கள். தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை எண்ணெய்த் தோட்டம், பாதி தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். பழைய மண்டபம் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து படித்துப் போய், ஈப்போவில் அறுவை மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். "அடி வாங்கித்தான் ஆளானேன்" என்று மேடையில் சொல்வார். அதை நிஜமாகவே நம்புகிறார். (இந்த நம்பிக்கையைப் போலி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது போலி இல்லை.)

திடீரென்று ஒருநாள் மருத்துவத்தை விட்டார். கட்சி அவரை வேட்பாளராக்கியது. 'மக்களுக்காகக் கத்தியைக் கீழே வைத்தவர்' என்று போஸ்டர் அடித்தார்கள். ஜெயித்தார்.

3

என் பக்கத்து வீட்டில் நல்லம்மாள் அக்காவும் அவருடைய கணவர் பத்துமலை அண்ணனும் இருக்கிறார்கள். அண்ணன் தாமான் காவல்காரர். முன்பு ஒருமுறை குடல் வெடித்துச் சாகக் கிடந்தவரை யேசுதாசன்தான் பிழைக்க வைத்தார். பிறகு அடிவயிற்றில் குடலிறக்கம் வந்தது. மருத்துவமனையில் தேதி கொடுத்தும் அண்ணன் போகவில்லை. "அந்த டாக்டர் கை பட்டாத்தான்" என்று பிடிவாதம்.

போன தேர்தல் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், காடி எடுங்க. வீங்கினது கல்லாட்டம் ஆயிருச்சு. வாந்தி நிக்கல."

காரை மருத்துவமனை வாசலில் நிறுத்தினேன். அண்ணன் இறங்கவில்லை. "தோட்டத்து மண்டபத்துக்கு விடுங்க. அவரு செராமா அங்கதான்."

செராமா என்றால் எங்கள் ஊரில் பிரசாரக் கூட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யேசுதாசன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தார். நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்க வைத்து, இடது கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பலேருந்து அண்ணே?"

"காலையிலேருந்து."

"குடல் மாட்டிக்கிச்சு. ரத்தம் ஓடல. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"நீங்க பண்ணுறதா இருந்தா வாரேன்."

"தினேஸ்வரின்னு ஒரு டாக்டர் இருக்காங்க. ரொம்ப நல்லாச் செய்வாங்க."

"அப்ப வேணாம் லா. வீட்டுக்குப் போலாம்."

கூட்ட ஏற்பாட்டாளர் ரோய்ஸ்டன் குனிந்து டாக்டரின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "நானே செய்றேன்னு சொல்லிருங்க வைபி. மயக்கம் குடுத்தப்புறம் யாரு வெட்டுனா அவருக்கென்ன தெரியும்?"

(நானாக இருந்தால் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். நல்ல பொய்தானே.)

யேசுதாசன் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் கைப்பேசிகள் அவரையே படம் பிடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் வலது கையை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் நடுங்கின. நிறுத்தப் பார்த்தார். இன்னும் அதிகமாக நடுங்கின.

"இந்தக் கையவா ஒங்க வயித்துல வைக்கச் சொல்றீங்க?"

"இது எப்பலேருந்து?" என்றார் அண்ணன்.

"மொத மொதல்ல தேர்தல்ல நிக்கறதுக்கு முன்னாடியே. அதனாலதான் கத்திய வெச்சேன். மக்களுக்காகன்னு அவங்க போஸ்டர் போட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஒங்ககிட்ட இன்னிக்கும் ஒரு பொய் சொல்லி அனுப்பலாம். மனசு வரல."

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழ முயன்றார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டாக்டர்? டீச்சர், காடிய எடுங்க. ஆஸ்பத்திரிக்கே போலாம்."

4

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

[அறுவை அறையில் நுழைந்ததும் கை நடுக்கம் நின்றுவிடுகிறது. அவரே கத்தியை எடுத்து—] இல்லை. நடுக்கம் அப்படியெல்லாம் நிற்காது.

[அண்ணன் பிழைக்கவில்லை. அரசியலும் விளம்பரமும் சேர்ந்து ஒரு—] இதை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் அண்ணன் பந்தாட்டம் பார்த்துக் கத்துவது கேட்டது. அழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். டாக்டர் தினேஸ்வரி கெட்டுப்போன கொஞ்சம் குடலை வெட்டி எடுத்துத் தைத்தார். வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். இப்ப பயமில்ல" என்றார்.

யேசுதாசனும் அத்தனை நேரமும் எங்களோடுதான் இருந்தார். அவருடைய மனைவி ஜூடித், கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒரு பொட்டலத்துடன் வந்தார்.

"சொல்லிட்டீங்களாமே?"

"சொல்லிட்டேன்."

"அப்பாடா." பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் சொன்னார்: "விருந்துக்குப் போனா இவரு சாப்பிட மாட்டாரு டீச்சர். கரண்டி ஆடறத யாராச்சும் பாத்துருவாங்கன்னு. வீட்டுக்கு வந்து பசியோட ஒக்காந்திருப்பாரு."

அங்கே, எல்லோர் முன்னாலும், சட்டையெல்லாம் துகள் உதிர்த்துக்கொண்டு அவர் மூன்று கறிபாப் சாப்பிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிரம்படி விஷயத்துல மனசு மாறிட்டீங்களா?"

"அதுல மாத்தமில்ல டீச்சர்" என்றார், வாயில் கிழங்கோடு.

சிரித்துவிட்டேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கதையில் அவரைக் காப்பாற்றுவதற்காக அவருடைய கருத்துகளை நான் திருத்தி எழுத வேண்டியதில்லை.

5

மண்டபத்தில் எடுத்த காணொளி பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றியது. ஏமாற்றுக்காரர் என்றார்கள். நாடகம் என்றார்கள். பாரிட் புந்தாரிலிருந்து யாரோ, தன் கையும் நடுங்குகிறது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். வேட்புமனு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கட்சியால் ஆளை மாற்ற முடியவில்லை.

முடிவு எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்பதையும்தான்.

ஓட்டுச்சீட்டை உங்களிடம் தருகிறேன். ஒரு பொய்யை வருடக்கணக்காக மறுக்காமல் வைத்திருந்தவரும், அதை ஒரு காவல்காரருக்காகப் போட்டு உடைத்தவரும், ஜெயித்தால் மறுபடியும் பிரம்பு கேட்கப்போகிறவரும் ஒரே ஆள்தான். குறி போடவேண்டிய கட்டமும் ஒன்றுதான். நிதானமாக யோசியுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் பத்துமலை அண்ணன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கதை பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை.