மருமகனுக்கு நான் எடுத்துக் கொடுத்த இரவு வேலை

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. குளிருக்குக் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். மருமகனுக்கு அவருக்கே தெரியாமல் வேலை எடுத்துக் கொடுத்த ஒரு கெட்டிக்காரியின் கதையைச் சொல்கிறேன். அந்தக் கெட்டிக்காரி வேறு யாருமில்லை, நான்தான். ஆகவே தாராளமாகச் சிரிக்கலாம்.

என் மகள் பாலேஸ்வரியும் மருமகன் கோணேஸ்வரனும் தொண்ணூற்று நாலில் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து, டோர்செட் பார்க்கில் என் அபார்ட்மெண்டில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் துவாரகா பிறந்தாள். பிள்ளைக்குச் சில மாதம் ஆனதும் மகளுக்குத் தூரத்து ஊரான விட்பியில் கார்ச் சாமான் செய்யும் ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. மருமகனுக்குக் கிடைக்கவில்லை. மகள் இருட்டோடு எழும்பி, பஸ் பிடித்து, ரயில் பிடித்துப் போவாள். மருமகன் பிள்ளையைப் பார்த்தார். ஒரு சம்பளம் வாடகைக்குக் காணாததால் குறையை அரசாங்கம் தரும் வெல்பெயர் உதவிப்பணம் நிரப்பியது.

நீங்கள் ஏன் பிள்ளையைப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு முழங்கால் வருத்தம். அதோடு அஜின்கோர்ட்டில் முதியோர் சங்கத்துக்குக் கதை சொல்லப் போகவேண்டும். கதைக்குப் போகும்போது மட்டும் முழங்கால் நோகாது.

மருமகன் சமைத்தால் எனக்குப் பரவாயில்லை, உள்ளே நடப்பது உள்ளேயே இருக்கும். அவரோ கீழே உடுப்புத் தோய்க்கும் லோண்டரி அறையில் நின்று, என் மகளின் உடுப்பை எல்லாரும் பார்க்க மடித்தார். ஒரு நாள் கீழ்த்தட்டு யோகராணி என்னை எலிவேற்றரில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அன்ரி, மருமோன் பகல் முழுக்க வீட்டிலதானே நிக்கிறார். வேலை ஒண்டும் இல்லையோ?"

"ஆர் சொன்னது? அவருக்கு பேக்கரியில நைற் ஷிப்ட்!"

பேக்கரியை என் வாயாலேயே கட்டி எழுப்பினேன். கொஞ்ச நாளில் அவரை சுப்பவைசர் ஆக்கினேன். இந்த நாட்டில் அவ்வளவு வேகமாக உயர்ந்த அகதி வேறு எவரும் இல்லை. யோகராணி தன் தம்பி அன்புராசாவையும் அங்கே சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டாள். "இப்ப ஆள் எடுக்கேல்லையாம்" என்று முதலாளி மாதிரிச் சொன்னேன்.

இதை மருமகனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் உள்ளே வந்தால் நான் எழும்பிவிடுவேன். சொல்லவேண்டியதைச் சுவருக்குச் சொல்வேன், அல்லது பிள்ளைக்குச் சொல்வேன். "துவாரகாக்குட்டி, அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு." பல் முளைக்காத அந்தப் பிள்ளைதான் எங்கள் இருவருக்கும் நடுவில் தூது. பேக்கரி விஷயத்தை அதன் மூலம் சொல்லியனுப்ப எனக்கு வாய் வரவில்லை. ஆக, டோர்செட் பார்க் முழுக்கத் தெரிந்த வேலை, அதைச் செய்கிறவருக்கு மட்டும் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் புது அரசாங்கம் வெல்பெயரைக் குறைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஒளித்து வேலை செய்கிறவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு தொலைபேசி எண்ணும் வந்தது. எங்கள் வீட்டுக்கும் விசாரிக்க ஒரு வெல்பெயர்காரி வந்தாள். மருமகனுக்கு ஜெர்மன் ஓடும், ஆங்கிலம் தடக்கும். அதனால் மகள் வேலைக்குப் போகும்போது மொழிபெயர்க்க ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த ஆள் யாரென்று, வெல்பெயர்காரிக்குப் பின்னால் யோகராணி செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. முழங்கால் இரண்டும் அன்றைக்கு உண்மையாகவே நொந்தன.

"தம்பி, எங்க வேலை செய்யிறீர் எண்டு கேக்கிறா."

"நான் வேலை செய்யேல்லை அக்கா."

யோகராணி அதை மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நைற் ஷிப்ட் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப நான் எதைச் சொல்லுறது?"

அவ்வளவு தமிழுக்குள்ளும் 'நைற் ஷிப்ட்' மட்டும் வெல்பெயர்காரிக்கு நன்றாக விளங்கியது. அவளுடைய பேனை நின்றது. ஒளித்த வேலை என்று அவள் எழுதினால் வாடகைக்கு வருவது நின்றுவிடும், கைக்குழந்தையோடு எல்லாரும் வெளியில். மருமகன் என்னைப் பார்த்தார். தூது போகப் பிள்ளையும் இல்லை, அது நித்திரை.

"பேக்கரி ஒண்டும் இல்லை பிள்ளை," என்றேன் யோகராணியிடம். "நான்தான் கட்டி விட்டனான். மருமோன் வீட்டில பிள்ளையைப் பாக்கிறார், சமைக்கிறார், உடுப்பு மடிக்கிறார். சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

"அப்ப எங்கட அன்புராசாவுக்கு ஆள் எடுக்கேல்லை எண்டது?"

"அதுவும்தான்."

யோகராணி மூக்கைச் சுளித்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பாதகமில்லை, நேர்மையாகச் சொன்னாள். வெல்பெயர்காரி நம்பவில்லை. பிடிபட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்களாம்.

அந்த நேரம் துவாரகா எழும்பி அழுதாள். உதவி செய்கிறேன் என்று நான் முந்திக்கொண்டு ஓடித் தூக்கினேன். பிள்ளை வில்லாக வளைந்து கத்தியது. நனைந்ததை மாற்றப் பாம்பர்ஸ் எடுக்க ஒரு கபேர்ட்டைத் திறந்தேன், சட்டி பானை இருந்தது. மற்றதைத் திறந்தேன், என்னுடைய சேலைகள். மருமகன் பிள்ளையை வாங்கி, ஒரு கையால் மாற்றி, பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, ஜெர்மன் மொழியில் விரல்களை எண்ணி எண்ணிப் பருக்கினார். பிள்ளை அவருடைய தோளில் அடங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த வெல்பெயர்காரி, இதெல்லாம் எங்கே பழகியது என்று கேட்டாள்.

"ஜெர்மனியில," என்றார் மருமகன். "ரெண்டு ஜெர்மனியும் ஒண்டான பிறகு எங்களைக் கிழக்குப் பக்கம் விட்டவை. பக்கத்து வீட்டில றெனாற்ற எண்ட ஜெர்மன் அக்கா, பஸ் ஓடினவ. முந்தி அங்க கைப்பிள்ளையளை விட எல்லா இடமும் நேர்சரி இருந்ததாம். ஒண்டானதும் அவவின்ர ஊரில அதைப் பூட்டிப்போட்டாங்கள். வேலையால முதல் நிப்பாட்டினது பொம்பிளையளை. வீட்டில இருந்து பிள்ளையைப் பாருங்கோ, உதவிப்பணம் தாறம் எண்டவை. 'முந்தி என்னைக் கேளாமல் வேலைக்கு அனுப்பினவை, இப்ப கேளாமல் வீட்டுக்கு அனுப்புறாங்கள்' எண்டு அக்கா பேசுவா. அந்தப் பணத்தைத் தகப்பனும் எடுக்கலாம் எண்டு சட்டத்தில கிடந்தது. அவவின்ர மனுசன் பிள்ளையோட நிண்டார், அக்கா டாக்சி ஓடினா. அவரோட சேர்ந்து நானும் அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பழகினன்."

யோகராணி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை வெல்பெயர்காரி கேட்டாள். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க இங்கேயும் இடமுண்டாம். அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாருங்கள், படித்து வேலை செய்கிற வெள்ளைக்காரியும் நானும் ஒரே கட்சி! பிள்ளையைப் பார்ப்பவர் தகப்பன் என்று எழுதிக்கொண்டு போனாள். வாடகை தப்பியது. மகள் ரயில் பிடித்து வேலைக்குப் போவதும் தப்பியது.

நான்தான் தப்பவில்லை. இன்றைக்கும் எலிவேற்றரில் யோகராணி கேட்கிறாள்: "அன்ரி, பேக்கரி பூட்டியாச்சோ?"

வெல்பெயர்காரி வந்துபோன அன்று பின்னேரம் மருமகன் எனக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். நான் சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. "தம்பி, நீர் முதல் சாப்பிடும்," என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. பிறகுதான் சிரித்தார்.

"ஓம் மாமி, சோத்தைக் கெதியாப் போடுங்கோ. நைற் ஷிப்டுக்கு நேரமாகுது."

சரி பிள்ளைகளே, எழும்புங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், அதை யார் மூட்டினாலும் சோறு பதமாக வேகட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தத் தோளில் சாய்ந்தாலும் நிம்மதியாக உறங்கட்டும். வேலைக்குப் போனவர் பனியில் வழுக்காமல் வந்து சேரட்டும். கதவைத் திறந்துவிடுகிறவர் முகத்தில் எப்போதும் சிரிப்பு இருக்கட்டும்.