கேன்வாஸுக்குப் பின்னால்

பந்தல் ஒழுகத் தொடங்கியதும், வீட்டில் கேன்வாஸ் ஏதாவது இருக்கிறதா என்று ராமையா அத்தான் குமுதாவிடம் கேட்டார். இல்லை என்றாள். அந்தப் பொய்யை அழுத்திச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பின்பக்கம் அண்ணனின் அறை ஜன்னலில் நீலமாக ஒன்று தொங்குவதை, சித்தியவானிலிருந்து வந்து இறங்கிய உடனேயே அத்தான் பார்த்துவிட்டிருந்தார்.

“அங்க மழைக்குத்தான கட்டியிருக்க? இப்ப முன்னாலதான் ஊத்துதுலா. ஒரு மணிக்கு ஐயா வந்துருவாரு. பெட்டிய வெளிய வச்சுதான் சடங்கு செய்யணும்.”

சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குமுதா, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா விமலாவைப் பார்த்தாள். பிறகு அத்தானுக்குப் பின்னாலேயே எழுந்து போனாள். நேற்று விடியலில் இருந்து உட்கார்ந்தே இருந்ததில் முழங்கால் நிமிர மறுத்தது.

அந்தக் கேன்வாஸ் மழைக்காகக் கட்டியதில்லை. அது அவளுக்கும் தெரியும், செத்துப்போன அண்ணனுக்கும் தெரியும்.

தனேஸ்வரன் பத்தொன்பது வருடம் பர்னிச்சர் பேக்டரி ஒன்றில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இனிப்புநீர் நோய் வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்ட பிறகு தங்கை வீட்டுக்கு வந்தார். ஒன்பது மாதமாக அவருக்கு உலகம் என்பது கட்டிலை ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடிப் பட்டை ஜன்னல்தான். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்க குமுதா ஆறேகாலுக்குக் கிளம்புவாள். அதற்கு முன்னால் பின்சுவர் மேல் ஒரு கை சோறு வைத்துவிட்டுப் போக வேண்டும். மைனா, மணிப்புறா, கொண்டைக்குருவி என்று கூட்டம் கூடும். நவம்பர் மழை பிடித்துக்கொண்டதும் கூட்டம் இரண்டு மடங்கானது. நனைந்து குளிரில் உப்பிப்போய் வந்து உட்காரும்.

மத்தியானம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார். பதினேழு உருப்படி வந்தது, மைனா ஒன்று புறாவை விரட்டியது, புதிதாக ஒரு ஜோடி வந்து பார்த்துவிட்டுப் போனது என்று, பேக்டரி கேட்டில் லோரி நம்பர் எழுதுகிற மாதிரி ஒன்று விடாமல் சொல்வார். இடுப்பு விட்டுப்போகிற வலியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அவருக்கென்ன, படுத்துக்கொண்டு பார்க்கிறார். காய்கிற துணியில் எச்சம். பக்கத்து வீட்டு லிங் ஓட்டுகிற காடி மேல் எச்சம். கடைசியில் ஒருநாள் லிங் வாளியும் துணியுமாக வாசலில் வந்து நின்று, வெள்ளைக் காடியைக் கைகாட்டினாள். அன்று சாயங்காலமே குமுதா கேன்வாஸை இழுத்துக் கட்டிவிட்டாள். சுவரில் சோறு வைப்பதையும் நிறுத்தினாள்.

“சாரல் அடிக்குதுண்ணே,” என்றாள்.

அவர் அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ம்” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாகக் குருவிப் பேச்சே இல்லை. மற்றப் பேச்சும் குறைந்துபோயிற்று. ஆனால் சாப்பாடு மட்டும் நன்றாக ஓடியது. எதைக் கொடுத்தாலும் தட்டு துடைத்த மாதிரி திரும்பி வந்தது. குருவித் தொல்லை ஒழிந்தது, மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அவள் விமலாவிடம் ஃபோனில் பெருமையாகவே சொன்னாள். நேற்று விடியலில் காப்பியோடு போனபோது அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதிலிருந்து அவள் மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தோடுதான் போனாரா? அந்த ஜன்னலை மறைத்ததற்கு அவர் தன்னை மன்னிக்காமலே போய்விட்டாரா?

ராமையா அத்தான் நான்கு மூலைக் கயிற்றையும் அறுத்தார். கேன்வாஸ் சரிந்து விழுந்தது.

“அடக் கடவுளே, என்னம்மா இது, கோழிக்கூண்டு மாதிரி!”

ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் அகலத்துக்கு நீட்டியிருந்த சிமெண்ட் விளிம்பு, எச்சத்தால் வெள்ளையும் சாம்பலுமாக மூடியிருந்தது. கேன்வாஸின் உட்பக்கத்திலும் கோடு கோடாக வழிந்திருந்தது. இறகுகள் ஒட்டிக்கிடந்தன. அவற்றுக்கு நடுவே காய்ந்த சோற்றுப் பருக்கைகள், ஒரு கறிவேப்பிலை, பூசணிக்காய்த் தோல். முந்தாநாள் அவள் வைத்த சாம்பார்ப் பூசணி. ஜன்னலின் கீழ்ப் பட்டைகள் இரண்டும் திறந்திருந்தன. கட்டிலில் படுத்துக்கொண்டே கை நீட்டினால் எட்டுகிற பட்டைகள்.

அத்தான் கேன்வாஸை உதறிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பந்தல் கவலை.

குமுதா அங்கேயே நின்றாள். கேன்வாஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், மழை படாத இடத்தில், மூன்று வாரமாகக் குருவிகள் ஓர இடைவெளி வழியாக வந்துகொண்டிருந்திருக்கின்றன. அவர் முகத்துக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில். சுவர் மேல் ஒன்று இல்லை, லிங்கின் காடி மேல் ஒன்று இல்லை. அவளுக்கு ஒரு தொல்லையும் வராமல், அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடத்தியிருக்கிறார். சரியான ஜாகாதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமில்லை, அண்ணனுக்குக் கோபமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் தட்டு ஞாபகத்துக்கு வந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தேடிக்கொண்டு வந்த விமலா, என்னடி ஆச்சு, மயக்கமா என்று தோளைப் பிடித்தாள். குமுதா விளிம்பைக் காட்டினாள்.

“தட்டு காலியா வருதுன்னு நான் சந்தோஷப்பட்டேன்க்கா.”

விமலா பார்த்தாள். புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாத்தையுமா போட்டிருப்பார், ஏதோ மிச்சம் மீதியைப் போட்டிருப்பார் என்று சமாதானம் சொன்னாள். டாக்டர்தான் நெஞ்சு என்று எழுதிக் கொடுத்தாரே என்றாள்.

“போன வாரம் மேலுக்குத் தண்ணி ஊத்தத் தூக்குனேன். லேசா இருந்தாருக்கா. ரொம்ப லேசா. நல்லதாப் போச்சு, இடுப்பு தப்பிச்சுச்சுன்னுதான் நெனச்சேன்.”

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்பக்கம் தப்பு மேளச் சத்தம் தொடங்கியது.

ஐயா ஒரு மணிக்குச் சொன்னபடி வந்தார். பெட்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தான் நீலக் கேன்வாஸை உள்பக்கம் கீழே தெரிகிற மாதிரி கட்டியிருந்தார். எச்சக் கோடுகளை அண்ணாந்து பார்த்த ஒன்றிரண்டு பேர் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் வைத்து, தண்ணீர் ஊற்றி, கோடி போர்த்தி முடித்ததும் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். ஆண்கள் போட்டார்கள். மூன்று மணிக்கு மின்சுடலையில் நேரம் வாங்கியிருக்கிறது, சீக்கிரம் வாங்க என்று ஐயா பெண்களை அவசரப்படுத்தினார்.

விமலா போட்டுவிட்டு, தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பெட்டி ஓரமாக நின்றாள். குமுதா கடைசியாக வந்தாள்.

அண்ணன் முகம் சின்னதாகியிருந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இத்தனை நாளும் தினம் பார்த்த முகத்தில் இதை எப்படிப் பார்க்காமல் விட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அரிசியை அள்ளி வாயருகே போட்டாள். இரண்டாவது தரம் போட்டாள். மூன்றாவது தரம் போட்டாள்.

மூணு தரம் போதும்மா, நகந்து வா என்றார் ஐயா.

அவள் நாலாவது தரமும் கை நிறைய அள்ளினாள். அரிசி உதட்டில் நிற்காமல் தாடையில் வழிந்து, கோடித் துணியில் சிதறியது. ஐந்தாவது தரம் அள்ளினாள். பின்னால் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். ஐயா விமலாவைப் பார்த்து, பிடித்துக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

விமலா தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நீட்டினாள்.