காய் என்று சொல்ல ஒருத்தி

மஞ்சக்குட்டையில் என் வீட்டுக்கும் பாவாயி வீட்டுக்கும் நடுவேலியில் ஒரு பலாமரம் இருக்கிறது. யார் நட்டதோ, இரண்டு வீட்டுக்கும் பொது. இருவரும் தட்டிப் பார்த்து, இருவரும் ஒப்புக்கொண்டால்தான் பழத்தை இறக்கலாம் என்பது எங்களுக்குள் சட்டம். நான் தட்டிவிட்டு, "பழம்" என்பேன். பாவாயி காதை வைத்துக் கேட்டு, "காயிங்க ஈவ்லின் அக்கா" என்பாள். முப்பது வருடம் இதே கதை. நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் பாதிப் பழத்தைக் குரங்குகள் தின்றுவிடும்.

பலா மட்டுமா? நான் வைத்த குழம்பு, வாங்கிய குடை, மகள் ஸ்டெஃபிக்குப் பார்த்த மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு 'இல்லீங்க' தயாராக இருக்கும். இப்படி ஒரு வம்புக்காரி இந்த மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்று என் வீட்டுக்காரர் மனுவேலிடம் நான் புலம்பாத நாளில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் மகன் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை மலையடிவாரத்துக் குப்பனூருக்குக் கூட்டிப்போனான். விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் சர்ச்சில் மரியசெல்வி பழக்கமானாள். தங்கமான பெண். நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்கக்கா" என்பாள். அவள் ஆமாம் போட்டு நாங்கள் இறக்கிய முதல் பலா வெறும் பால். கத்தி, கை, தரை எல்லாம் பிசின். அப்போதும், "நல்லாத்தான் இருக்குதுங்கக்கா" என்றாள். அன்றைக்குப் பாவாயியை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனுவேல் தவறிப்போன பிறகு, தனியாக எதற்கு, வீட்டை விற்றுவிட்டு பெங்களூர் வந்துவிடு என்கிறாள் ஸ்டெஃபி. ஹோம்ஸ்டே நடத்துகிறவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. மரியசெல்வி ஆமாம் என்றாள். சர்ச்சில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்குத்தான் பிடிபடவில்லை. பாவாயி மறுத்து, நான் மல்லுக்கு நின்று, அதில்தான் என் மனசு என்ன என்று எனக்கே தெரியவரும். அதனால் வேண்டுமென்றே ஒரு பச்சைக் காயை இறக்கி, சாக்கில் கட்டி, குப்பனூர் பஸ் ஏறினேன்.

பாவாயி மெலிந்திருந்தாள். மருமகள் கவிதா டீ கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

"போதுங் கண்ணு."

டிவி சத்தத்தைக் கூட்டட்டுமா என்றாள்.

"செரிங் கண்ணு."

கவிதா நல்ல பெண்தான். ஆனால் பாவாயி வாயிலிருந்து இப்படி அடுத்தடுத்து சரி வந்து நான் கேட்டதே இல்லை. காயை அவள் முன்னால் வைத்தேன்.

"பழுத்திருச்சு புள்ள, பாரு."

அவள் தட்டக்கூட இல்லை. "நீங்க சொன்னாச் செரிங்கக்கா."

எனக்குப் பகீரென்றது. "ஊட்ட வித்துட்டு ஸ்டெஃபிகிட்டப் போறேன்."

"புள்ளைங்க சொன்னாச் செரிதானுங்க."

பெங்களூரில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேனா? கவிதாவிடம் அரிவாளை வாங்கி, எண்ணெய் தடவி, காயின் மேல் ஓங்கினேன்.

"ஏனுங்க!" பாவாயி என் கையைப் பிடித்துவிட்டாள். "முள்ளு விரியல, வாசம் வரல, பச்சக் காயிங்க! முப்பது வருசமாச் சொல்லியும் புத்தி வரலீங்களே!" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் தணிந்தது. "ஊட்டயும் விக்காதீங்கக்கா. இங்க என்னைய நொம்ப நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா சண்ட போட ஒரு ஆளில்லீங்க."

நான் அழுதேன். அவளும் அழுதாள். கவிதா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள்ல பழுத்துரும்" என்றேன்.

"நாலு நாளாவுங்க."

"அப்ப மேல வந்து நீயே பாரு."

பாவாயி கவிதாவைப் பார்த்தாள். "போயிட்டு வாங்கத்த, அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் கவிதா.

பஸ்ஸில் ஸ்டெஃபிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாம் என்று சொன்னேன். பாவாயி மடியிலிருந்த காயைத் தட்டி, பஸ் இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்டாள்.

"அஞ்சு நாளாவுங்க" என்றாள்.