அரைக் கிலோமீட்டர் தள்ளி

என் தம்பி நில அளவையர். மனைவி இறந்ததிலிருந்து எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. விடுப்பை நீட்டித்து நீட்டித்து அலுவலகத்துக்கே சலித்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. நான் கண் மருத்துவமனையில் நர்ஸ். பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் நோயாளிகளிடமே தீர்த்துவிட்டு வருகிறேன். ஆனாலும் இவன் இப்படியே கட்டிலோடு கிடந்து போய்விடுவானோ என்று உள்ளுக்குள் பயந்து செத்தேன்.

எங்கள் வரவேற்பு மேசைப் பெண்தான் ஜியோகேச்சிங் பற்றிச் சொன்னாள். யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டுமாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிடமே என் தம்பியின் முகம் வந்து நின்றது.

ஜிபிஎஸ் கருவி வாங்கப் போன கடையிலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். மூன்று கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரியதைக் கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று புலம்பினேன். முதலில் ‘ம்’. பிறகு, தொடுதிரையா பட்டனா என்று கேட்டான். மழையில் தொடுதிரை மக்கர் பண்ணும், பட்டன் வைத்ததை எடு என்றான். பேட்டரி மாற்றுகிற மாதிரி இருக்கட்டும், வழியில் சார்ஜ் போட எங்கே போவாய்? கலர் மேப்பில் மயங்காதே, மரத்தடியில் சிக்னல் நிற்குமா என்று கேள். எட்டு மாதத்தில் அவன் அவ்வளவு பேசியதே இல்லை. அவன் சொன்னதையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுத்தான் அவனை இழுத்துப் போனேன். எண்களை நானே வீட்டில் அடித்து வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தோம். கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு முள் புதரில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒன்றரை மணி நேரம் துழாவினோம். கார் கழுவுகிறவர் என்னத்தைத் தொலைத்தீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டார். டப்பாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வராதவன் வந்த ஒரு நாளையும் கெடுத்துவிட்டேன், இனி கூப்பிட்டால் அசையமாட்டான் என்று எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அவன் கருவியை வாங்கி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். இணையதளத்தில் இருந்தது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். கருவியை நான் டிகிரி, நிமிடம், விநாடி என்று மாற்றித் தொலைத்திருக்கிறேன். 14.40 நிமிடம் என்பது 14 நிமிடம் 40 விநாடி ஆகிவிட்டது. டப்பா இருந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி, கால்வாய்ப் பக்கம்.

“எப்ப கண்டுபிடிச்ச?”

“பஸ்ஸ விட்டு எறங்கி நீ கருவிய எடுத்ததுமே.”

எனக்கு வந்ததே கோபம்.

“அப்புறம் எதுக்குடா என்னை முள்ளுக்குள்ள உருள விட்ட?”

அவன் புதரையே பார்த்துக்கொண்டிருந்தான். “சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல கெடச்சிருக்கும்க்கா. ஒடனே வீட்டுக்குப் போகணும். அங்க போகப் பிடிக்கல.”

இத்தனை நாளும் அவனுக்கு வெளியே வரத்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பாவி, கூடப் பிறந்தவள், ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேனா?

கால்வாய்ப் பாலத்தின் கம்பிக்கு அடியில் டப்பா இருந்தது. சீட்டில் அவனே எழுதினான். அடுத்த டப்பா ஆறு கிலோமீட்டராம், பஸ் இருக்கிறது என்றான்.

“நடந்தே போலாம்டா,” என்றேன்.